மைனிக்கு அடுத்து மோட்டார்

எங்கள் ஊரில் யாரிடம் போய் எந்தக் கருவியைக் காட்டி, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாலும் தெரியாது என்ற பதில் வராது. வீரகேரளம்புதூர் லேசுப்பட்ட ஊர் இல்லை. ஊற்றுமலை ஜமீன்தார்கள் அரண்மனை கட்டி வாழ்ந்த இடம். காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஜமீன் அது. அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார இடமும் கிடைத்துவிட்ட ஒருவர், தெரியாது என்று எந்த வாயால் சொல்வார்? எல்லோரிடமும் விளக்கம் உண்டு. ஒருவர் விளக்கம் இன்னொருவர் விளக்கத்தோடு சேராது, அவ்வளவுதான்.

சுரண்டைப் பக்கம் போனால் காற்றாலைகள் நிற்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிற மேல்காற்றை நம்பி நட்டவை. அந்தக் காத்தாடிகள்தான் மழை மேகத்தை விரட்டுகின்றன என்பது பெஞ்சின் தீர்மானம். குற்றாலத்தில் அருவி ஆர்ப்பரித்து விழுகிற வருஷங்களில் இந்தத் தீர்மானம் லீவில் போய்விடும்; வறண்ட வருஷத்தில் மறுபடி டியூட்டியில் சேரும். ஒரு பெரியவர் மட்டும் வேறு கட்சி. "அது காத்துல சுத்தலடே. நம்ம கரண்டைக் குடுத்துத்தான் சுத்த விடுதான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரியவர் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார். பழைய மாதிரிக் காற்றாலைகளில் இருக்கும் ஜெனரேட்டர், வெளியிலிருந்து லைனில் கரண்ட் வந்து அதைக் காந்தமாக்கினால்தான் கரண்டைக் கொடுக்கும். லைன் போய்விட்டால், எவ்வளவு காற்றடித்தாலும் பிரேக் போட்டு நின்றுவிட வேண்டும். பெரியவர் இங்கே நிறுத்தியிருந்தால் அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம். "நம்ம கரண்டை வாங்கி நமக்கே விக்கான்" என்று மீதிக் கிணற்றில் விழுந்துவிட்டார்.

எனக்குக் காற்றாலை விஷயத்தில் வேறொரு குழப்பம். மலை தாண்டி வந்த காற்றைப் பிடித்துக் கரண்டாக்கி, கம்பியில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய், கடைசியில் என் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியில் திரும்பவும் காற்றாகவே இறக்குகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அதே காற்று சும்மாவே வரும். கொசுவும் வரும் என்பதால்தான் இத்தனை பொறியியல்.

அந்த மின்விசிறியை ஒன்றாம் நம்பரில் வைத்தால் கரண்ட் மிச்சமா இல்லையா என்பது எங்கள் வீட்டில் தலைமுறை தாண்டிய வழக்கு. ஒரு கட்சி, எதில் வைத்தாலும் ஒரே கரண்ட்தான் என்றது. மறு கட்சி, மெதுவாகச் சுற்றினால் குறைவாகத்தானே குடிக்கும் என்றது. இரண்டு கட்சியும் ஜெயிக்கிற வினோதமான வழக்கு இது. அந்தக் காலத்தில் சுவரில் பெரிய பெட்டி போல இருந்த ரெகுலேட்டர், விசிறிக்குப் போகாமல் தடுத்த கரண்டில் பெரும்பங்கைத் தானே தின்று சூடாகும், தொட்டாலே தெரியும். அதில் மிச்சம் கொஞ்சம்தான். இப்போது வருகிற சின்ன ரெகுலேட்டர் அப்படித் தின்னாது. மெதுவாகச் சுற்றினால் நன்றாகவே மிச்சம். சண்டை போட்ட இருவரும் வேறு வேறு வருஷத்து ரெகுலேட்டர் வைத்திருந்தார்கள். இதை நான் சொன்னபோது இரண்டு கட்சிக்கும் என் மேல்தான் கோபம்.

கோபம் வந்தாலும் மறுநாள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் படித்தது பி.காம். அதனால் என்ன? "நீ படிச்சவன்லா, இதைக் கொஞ்சம் பாரேன்." வரவு செலவு எழுதத் தெரிந்தவனுக்கு வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றாத மர்மமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். இத்தனை வருஷமாக இந்தப் பதவியில் இருப்பதால் ஒரு கேள்வி எனக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது. தினம் நாம் நம்பிக் கிடக்கிற இந்தச் சாமான்களைப் பற்றி ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தெரிந்திருந்தால் போதும்?

என் சித்தப்பாவை வைத்து இதை யோசிப்பது வசதி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கிணற்றில் த்ரீ பேஸ் மோட்டார் வைத்து விவசாயம் செய்கிறார். வயற்காட்டு மோட்டார்களுக்கு 1990-லிருந்து கரண்ட் இலவசம் என்றாலும் த்ரீ பேஸ் எந்நேரமும் வந்ததில்லை. பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம் என்று முறைபோட்டு வந்த காலத்தில், ஊரே தூங்கும்போது வயற்காட்டில் டார்ச் லைட்டுகள் நடமாடும். மீதி நேரமெல்லாம் டூ பேஸ். வீட்டில் விளக்கெரியும், வயலில் மோட்டார் ஓடாது.

ஓடாது என்று சொன்னது மின்வாரியம். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. மோட்டாருக்குள் போகும் மூன்று கம்பிகளிலும் கரண்ட் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, சம இடைவெளி விட்டு ஏறுகிறது. அதனால் உள்ளே காந்தம் சுழல்வது போல ஆகி, ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டு சுற்றுகிறது. ஒரு கம்பி செத்தால் சுழற்சி போச்சு. ஆனால் இருக்கிற இரண்டில் ஒன்றுக்கும் செத்த கம்பிக்கும் நடுவே கண்டன்சரைப் போட்டு, நேரம் தள்ளி ஏறுகிற ஒரு கரண்டை உண்டாக்கி, மூன்றாவது கம்பி என்று சொல்லி மோட்டாரை ஏமாற்றலாம். தமிழ்நாட்டு விவசாயிகள் பல பேர் இப்படி ஏமாற்றியிருக்கிறார்கள். மின்வாரியம் கண்டித்தும் இருக்கிறது. சித்தப்பாவிடம் காந்தச் சுழற்சி பற்றிக் கேட்டால் முறைப்பார். "பொய்ப் பேஸ் குடுத்திருக்கேன்" என்பார். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் வரும் சங்கதி மூன்று சொல்லில் முடிந்துவிட்டது.

வரப்பில் நடந்துகொண்டே மோட்டார் சத்தத்தைக் கேட்டு நோய் சொல்வார். "ஏல, உறுமுதுல்லா. ஒரு பேஸ் போயிட்டு. ஓடிப் போய் நிப்பாட்டு." இரண்டு கம்பியில் மாட்டிக்கொண்ட மோட்டார் மூன்று கம்பி வேலையைச் செய்யப் பார்த்து, அதிகக் கரண்டை இழுத்துச் சூடாகி, காயில் கருகிவிடும். காயில் கட்டக் கடைக்குக் கொண்டுபோனால் எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பயிர் காயும் என்பது அவருக்கு மனப்பாடம். அதைத் தடுக்க ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பிரிவென்டர் இருக்கிறது. அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அது கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கத் தெரியும்.

இந்த மகா நிபுணருக்கு ராத்திரி நடை வேண்டாம் என்று அவர் மகன் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினான். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர் 'நானோ கணேஷ்' என்று ஒன்றைச் செய்து, போன் போட்டு மோட்டாரை ஓடவிடுகிற வித்தையை விவசாயிகளிடம் கொண்டுபோனவர்களில் முன்னோடி. இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்குப் போன் போட்டால் பெட்டி எடுக்கும். ஒன்றை அமுக்கினால் ஓடும், இன்னொன்றை அமுக்கினால் நிற்கும். நடந்ததை ஒரு பெண் குரல் அறிவிக்கும்.

மகன் தமிழிலேயே 'மோட்டார்' என்று பதிந்து கொடுத்தான். போன் இலக்கண சுத்தமானது. ஐகாரத்துக்கு அடுத்து ஒகாரம், ஓகாரம் என்று வரிசை பிசகாமல் அடுக்கியதில், மோட்டாருக்கு நேர் மேலே 'மைனி' வந்து உட்கார்ந்தாள். கடையநல்லூரில் இருக்கும் என் பெரியம்மைதான் அவருக்கு மைனி. ராத்திரி இரண்டு மணிக்குத் த்ரீ பேஸ் வந்ததும் சித்தப்பா கட்டிலில் படுத்தபடியே, கண்ணாடி போடாமல், மோட்டாரைக் கூப்பிட்டார். பெண் குரல் கேட்டது. ஒன்றை அமுக்கினார். வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

பெரியம்மை தூங்கவில்லை. "நடு ராத்திரி கொழுந்தன் போன் போட்டு, ஒரு வார்த்தை பேசாம, பீப்புன்னு ஒரு சத்தம் மட்டும் குடுத்துட்டு வச்சிட்டாவ" என்று விடிவதற்குள் தென்காசி, கடையம், ஆலங்குளம் வரை உள்ள சொந்தங்களையெல்லாம் எழுப்பி, செத்தது யார் என்று கேட்டுவிட்டாள். காலையில் வயலில் தண்ணீர் இல்லை, வாசலில் மாலையோடு இரண்டு பேர்.

மோட்டார் பெயரை வேறு மாதிரி மாற்றிப் பதிந்துகொள்ளலாம் என்றேன். சித்தப்பா மறுத்துவிட்டார். "பேரை மாத்திட்டா அதுக்குத் தெரியாமப் போயிரும்லா?" கடைசியில் பெயர் மாறியது மைனிக்குத்தான். கண்டன்சரை வைத்து மின்வாரியத்தையே ஏமாற்றிய மனுஷர், தன் மோட்டாருக்குத் தன் பெயர் தெரியும் என்று இன்னமும் நம்புகிறார். மோட்டாரின் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்து அது பதில் சொல்லாமல் போன அன்று, கோபித்துக்கொண்டதோ என்றுகூட ஒரு நொடி யோசித்திருப்பார் போல. "பேசாத சவத்துக்கு மாசாமாசம் ரீசார்ஜ் வேறயா" என்று மகனிடம் கத்தினார்.

அவர் அப்பா காலத்தில் தண்ணீர் இறைத்தது கமலை. மாடு, வடம், உருளை, கூனை எல்லாம் கண்ணுக்கு முன்னால். கூனை கிழிந்தால் தண்ணீர் ஒழுகுவது தெரியும். மாடு நொண்டினால் மாடே சொல்லிவிடும். சிற்றாற்றுத் தண்ணீர் அணையில் திரும்பி, கால்வாயில் வந்து, குளத்தில் விழுந்து, மடை வழியாக வயலுக்குப் போவதையும் நடந்தே பார்த்துவிடலாம். பெட்டிக்குள் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. அதனால் அந்தக் காலத்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று பேசுவதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. பாபநாசத்தில் 1944-ல் நீர்மின் நிலையம் வந்தது. கரண்டை எடுத்துவிட்டால் தண்ணீரில் சத்து இருக்காது, பயிருக்கு ஆகாது என்று பேசியவர்களும் அந்தக் காலத்தவர்கள்தானே.

ஆச்சியை எடுத்துக்கொள்வோம். என் அப்பாவைப் பெற்றவள். இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது. உளுந்தோடு வந்த நுண்ணுயிர்கள் மாவைத் தின்று வாயுவை விடுகின்றன என்று நான் ஒரு தடவை சொன்னேன். "சாப்பிடுத நேரத்துல என்னல பேச்சு இது" என்று தட்டை நகர்த்திவிட்டாள். ஆனால் சாரல் காலத்தில் மாவு பொங்காது, அடுப்படியில் கதகதப்பாக எங்கே வைக்க வேண்டும், உப்பை எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். காஸ் அடுப்பும் அப்படித்தான். சிலிண்டர் வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் என் மாதிரி ஆள் பேசுவது. அவளுக்குத் தெரிந்தது வேறு. நாற்றம் வந்தால் அது தரையோடுதான் கிடக்கும், மேல் ஜன்னலைத் திறந்து புண்ணியமில்லை, வாசல் கதவைத் திற. சுவிட்சைப் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. "கீழ உக்காந்திருக்கும் சனியன், வெளக்கைத் தொடாத." காற்றைவிடக் கனமான வாயு, சுவிட்சுக்குள் தெறிக்கும் பொறி என்ற இரண்டு பாடமும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டன.

போதுமான அறிவு என்று நான் நினைப்பது இந்த அளவைத்தான். உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஆசை இருந்தால் தெரிந்துகொள்ளலாம். எப்போது முரண்டு பிடிக்கும், பிடித்தால் எங்கே நிறுத்துவது, நிறுத்தாவிட்டால் யார் தலையில் விடியும் என்கிற மூன்றும் தெரியாமல் ஒரு சாமானை வீட்டுக்குள் விடக்கூடாது. மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இதைத்தானே விசாரிக்கிறோம்.

ஆச்சிக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்ஜ் பகலெல்லாம் உழைத்ததால் ராத்திரி அதற்கு ஓய்வு என்று அணைத்துவிடுவாள். காலையில் பால் திரிந்திருந்தால் பால்காரனுக்குத் திட்டு. வைஃபை பெட்டியின் பச்சை விளக்குதான் முழங்கால் வலிக்குக் காரணம் என்று அதன் மேல் துண்டைப் போட்டு மூடியிருக்கிறாள். வலி குறைந்திருக்கிறதாம்.

அதே ஆச்சி எதிர்வீட்டு அக்காவைக் காப்பாற்றிய கதையும் உண்டு. அக்கா இட்லி வியாபாரம். கடை வாசலில் கியூ.ஆர். அட்டை, அருகில் பணம் வந்தால் கூவுகிற பெட்டி. 2016-ல் வந்த யு.பி.ஐ. இட்லிப் பானை வரை இறங்கிவிட்டது. ஒருநாள் போன். ஏதோ திட்டத்தில் ஐயாயிரம் ரூபாய் வந்திருக்கிறது, ஏற்றுக்கொள்ள ரகசிய எண்ணைப் போடுங்கள் என்கிறான் ஒருவன். அக்கா போடப் போனாள். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி கேட்டாள்: "ஏட்டி, குடுக்கப் போறது அவன். அவன் பெட்டியைத் தொறக்காம ஒம் பெட்டிச் சாவியை எதுக்குக் கேக்கான்?" அக்காவின் விரல் நின்றது. பின் நம்பர் நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகத்தான், உள்ளே வர அது தேவையே இல்லை என்று வங்கிகள் தொண்டை கிழியச் சொல்வதும் இதைத்தான். ஆச்சிக்கு சர்வர் தெரியாது, செயலி தெரியாது. பெட்டிச் சாவி தெரியும்.

இந்த மாதிரி ஒரு கேள்வியை நாடே கேட்க மறந்த வருஷமும் இருக்கிறது. 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை என்பவர் மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாக அறிவித்தார். பத்திரிகைகள் கொண்டாடின, விஞ்ஞானிகள் முன்னால் செய்து காட்டினார். எங்கள் பக்கத்தில் வேலியோரத்துச் செடிகளுக்கெல்லாம் திடீர் மரியாதை. இலையும் தண்ணீரும் சேர்ந்து பைக்கை ஓட்டுகிற சக்தியை எங்கிருந்து கொண்டுவருகின்றன என்று கேட்டவர்கள் குறைவு. கலக்கிய குச்சிக்குள்ளேயே விஷயம் இருந்தது என்று பின்னால் பேச்சு வந்தது. சி.பி.ஐ. வழக்கு நடந்து, 2016-ல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அப்போதும் டீக்கடை பெஞ்சு அசையவில்லை. "எண்ணெய்க் கம்பெனிக்காரன் விட்டிருக்க மாட்டான்டே."

அதற்காகப் படித்தவர்கள் பாடு மேல் என்றும் சொல்லிவிட முடியாது. தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011-லிருந்து ஸோஹோ நிறுவனம் இருக்கிறது. பல தேசத்துக் கம்பெனிகள் நம்பியிருக்கும் மென்பொருள், வயலுக்கு நடுவே எழுதப்படுகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இதுபோன்ற வேலைகளில் கைநிறையச் சம்பாதிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். என் தங்கை மகனும் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறான். விடுமுறைக்கு வந்தபோது பீஸ் போயிற்று. இருட்டில் போன் வெளிச்சத்தோடு மீட்டர் பெட்டி முன்னால் நின்று, "மாமா, இதை ரீஸ்டார்ட் பண்ண முடியாதா?" என்றான். பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பியைச் சுற்றியது சித்தப்பா.

மருமகனைக் கேலி செய்து பயனில்லை. அவன் கையிலிருக்கிற போனை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் பூமியில் எங்கேயும் இல்லை. சிப்பை வடிவமைத்தவருக்கு அதன் மேல் ஓடும் செயலி தெரியாது. செயலி எழுதியவருக்குக் கடலடிக் கேபிள் தெரியாது. கேபிள் போட்டவருக்கு பேட்டரிக்குள் லித்தியம் என்ன செய்கிறது என்று தெரியாது. ஆளுக்கொரு மாடியில் குடியிருக்கிறோம். தரைத்தளத்தில் சித்தப்பா பீஸ் கட்டையோடு நிற்பதால் வீடு ஓடுகிறது.

புரியாத போனை விடுங்கள். சுவரிலுள்ள மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் யாருக்கும் தெரியாததல்ல. மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த். பிளக்கில் அந்தப் பின் மட்டும் நீளம். முதலில் எர்த் சேர்ந்து கடைசியில் பிரியட்டும் என்ற ஏற்பாடு. சில புது பாயின்ட்டுகளில் எர்த் பின் நுழைந்தால்தான் கீழ் ஓட்டைகளின் மூடி திறக்கும், குழந்தைகள் விரலை விட்டுவிடக்கூடாதே என்று. நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பின் சார்ஜரைச் சொருக, பேனா முனையை மேல் ஓட்டைக்குள் விட்டு மூடியைத் திறக்கிறோம். எந்தக் குழந்தைக்காக மூடி வைத்தார்களோ, அது பக்கத்தில் நின்று பாடம் படிக்கிறது. பல வீடுகளில் அந்த எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே கிடையாது. அழகுக்கு.

சாரல் அடித்து ஈரம் இறங்கியதும் எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழ ஆரம்பித்தது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லாமல், 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்கேயோ வழிந்து தரைக்கு இறங்கினால், உடனே எல்லாவற்றையும் துண்டிக்கிற சுவிட்ச் அது. வழிகிற இடம் ஈரச்சுவராகவும் இருக்கலாம், ஆச்சியாகவும் இருக்கலாம். எலக்ட்ரீசியன் தம்பி வந்து பார்த்தான். "இது சும்மா தொந்தரவு அண்ணாச்சி. கழட்டிருவோம், கரண்ட் நிக்காம வரும்."

கழற்ற வேண்டாம், ஈரம் எங்கே என்று பார் என்றேன். முனகிக்கொண்டே தேடினான். மொட்டை மாடி லைட்டுக்குப் போகிற பைப்புக்குள் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. அதைச் சரிசெய்ததும் விழுவது நின்றது. அந்தச் சுவிட்சில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் அது செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது நல்லது. நான் அமுக்கியபோது வீடு இருண்டது. "நல்லாருந்த கரண்டை எதுக்குல போக்கினே?" என்றாள் ஆச்சி. நம்மைக் காப்பாற்றுகிற ஆள் முழித்திருக்கிறானா என்று கூப்பிட்டுப் பார்ப்பது இது என்று சொல்லிவைத்தேன். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. மாதாமாதம் தேதி நினைவிருக்காது என்பதால் அமாவாசைக்கு வைத்துக்கொண்டாள். காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, ஸ்டூலில் ஏறாமல் எட்டும்படி நான் இறக்கி மாட்டிக்கொடுத்த பெட்டியைத் திறந்து, பட்டனை ஒரு அமுக்கு.

அமாவாசை தோறும் எங்கள் வீடு மட்டும் ஒரு நொடி இருள்வதை எதிர்வீட்டு அக்கா கவனித்திருக்கிறாள். அது என்ன பரிகாரம் என்று ஆச்சியிடம் கேட்டு, விவரம் தெரிந்துகொண்டு, தன் வீட்டுக்கும் ஒன்று மாட்டச் சொல்லிவிட்டாள். மாட்ட வந்தவன் அதே தம்பிதான். வேலையை முடித்துக் கூலியை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, கிளம்பும்போது திரும்பி நின்று சொன்னான்: "அக்கா, இந்தப் பட்டனை மாசம் ஒருக்கா அமுக்கிப் பாக்கணும். ஆனா அமாவாசை அன்னைக்கு மட்டுந்தான் அமுக்கணும், கேட்டியளா? மத்த நாள்ல அமுக்கினா வேலை செய்யாது."